மதினியின் பாடங்களில் நான் வெட்டிய இடங்கள்

அன்புள்ள மதினி,

இன்று காலை ஒரு பெண்ணைக் காரணமில்லாமல் திட்டிவிட்டேன். என்னோடு பயிற்சி நிலையத்தில் பாடம் எடுப்பவள், நல்ல பிள்ளை. கம்ப்யூட்டர் திரையில் நாம் செய்துகாட்டுவதை அப்படியே வீடியோவாகப் பதிவு செய்து மாணவர்களுக்குக் கொடுக்கலாம், அதற்கு எந்த சாஃப்ட்வேர் நல்லதென்று பார்த்துச் சொல்லுங்கள் என்று தன் மடிக்கணினியை என் மேசையில் கொண்டுவந்து வைத்தாள். "இதையே வாங்கிருவோம் மேடம். பேசுறவங்க குரல் மட்டுந்தான் நிக்கும். பக்கத்துல என்ன சத்தம் கேட்டாலும் அதுவே எடுத்துப் போட்டுரும்" என்றாள்.

"எடுத்துப் போட அது யாரு?" என்று கத்தினேன். மடிக்கணினியை நான் அறைந்து மூடிய வேகத்தில் டீ கவிழ்ந்து அவள் புடவையெல்லாம் கறை. வகுப்பில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். மன்னிப்புக் கேட்டேன். நீங்கள் போய் இன்னும் நாற்பது நாள்கூட ஆகவில்லை, அதனால்தான் இப்படி என்று சமாதானம் சொன்னேன். அவளும் பாவம் பார்த்து நம்பிவிட்டாள். அது பாதி உண்மைதான். மீதிப் பாதியை உங்களைத் தவிர வேறு யாரிடமும் சொல்லிப் பிரயோசனம் இல்லை.

கோபம் எங்கள் வீட்டின் பரம்பரைச் சொத்து. அப்பா சாப்பாட்டுத் தட்டைத் தூக்கி வாசலுக்கு வீசுவார். அண்ணன் கை நீட்டுவான். நான் கையில் கிடைப்பதை உடைப்பேன். அண்ணனை அப்போதெல்லாம் 'அவர்' என்றுதான் சொல்வேன். பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியார், ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் வாசகம் வாசிக்கிறவன், திண்டுக்கல்லில் பாதிப் பேருக்கு அவன் 'சார்'. இப்போது அந்த மரியாதை என் வாயில் வராது.

தொண்ணூறுகளின் கடைசியில் நீங்கள் சாணார்பட்டிப் பக்கமிருந்து எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தீர்கள். அதற்கு முன்னால் நாலு வருடம் கலர் லேபில் வேலை பார்த்து, கம்ப்யூட்டரில் கல்யாண ஆல்பம் செய்வதைக் கரைத்துக் குடித்திருந்தீர்கள். தாலி ஏறியதும் அண்ணன் வேலையை விடச் சொன்னான், விட்டீர்கள். ஸ்டுடியோக்காரர்கள்தான் உங்களை விடவில்லை. செம்பட்டியிலிருந்து ஒருவர் வீட்டுப் போனில் கூப்பிடுவார். "அக்கா, மாப்பிள்ளையத் தனியா வெட்டி எடுத்தேன்க்கா. இப்பத் தலையக் காணோம்." நீங்கள் ஒரு கையால் குழம்பைக் கிண்டிக்கொண்டே, "பதறாதீங்க, தலை எங்கயும் போகாது. அடியில ஒரு லேயர் இருக்கும் பாருங்க" என்று மாப்பிள்ளையின் தலையைத் திரும்ப ஒட்டிக் கொடுப்பீர்கள்.

அதைக் கேட்டுக் கேட்டுத்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. ஆளாளுக்குப் போனில் சொல்வதைத் திரையில் ஒரு தடவை செய்துகாட்டிப் பதிவு செய்து சி.டி.யாகப் போட்டால் என்ன? இரண்டாயிரத்து நாலு, ஐந்து வாக்கில் தமிழில் அப்படி ஒன்றை நாங்கள் பார்த்ததே இல்லை. நான் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பதிவு நீங்கள், வெட்டி ஒட்டிச் சரிசெய்வது நான் என்று பேசிக்கொண்டோம். வீட்டு வாசலைத் தாண்ட வேண்டியதில்லை என்பதால் அண்ணனும் தலையை ஆட்டினான்.

சாஃப்ட்வேர் தேடிய அந்த இரண்டு வாரம் நாம் சிரித்த சிரிப்பு எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பத்திரிகையோடு இலவசமாக வந்த சி.டி.களிலும், பிரவுசிங் சென்டரில் இறக்கியதிலுமாக நாலு கிடைத்தன. நாலுக்கும் நீங்கள் பட்டப்பெயர் வைத்தீர்கள். படம் மட்டும் எடுத்துக் குரலை விட்டுவிட்டது 'ஊமை'. ஐந்து நிமிடத்துக்கு மேல் எடுக்க மாட்டேனென்று அடம்பிடித்து, காசு கட்டச் சொல்லித் திரைக்குக் குறுக்கே பட்டையாக எழுதிக் காட்டியது 'கஞ்சன்'. மூன்றாவது 'மைனர்'. அத்தனை அழகு. வேண்டிய இடத்தைப் பெரிதாக்கிக் காட்டும், அம்புக்குறியைச் சுற்றி மஞ்சள் வட்டம் போடும், மூலையில் ஒரு சின்னச் சதுரத்தில் பேசுகிறவரின் முகத்தையும் காட்டும். நாலாவது ஒரு சாம்பல் நிறப் பெட்டி, எந்த அலங்காரமும் கிடையாது, ஒரு பாடத்துக்கே டிஸ்கில் கொள்ளை இடத்தைத் தின்னும். அதற்குக் 'கழுதை' என்று பெயர்.

எனக்கு மைனர்தான் வேண்டும். முகம் தெரிந்தால்தான் ஆள் நம்பி வாங்குவான் என்றேன். நீங்கள் முடியவே முடியாது என்றீர்கள். "எம் மூஞ்சி என்னத்துக்கு ரீத்தா? கை என்ன செய்யுதுன்னு தெரிஞ்சாப் போதாதா?" என்று கேட்டீர்கள். கேமராவெல்லாம் இரவல் வாங்கி வந்திருந்தேன். ஆத்திரத்தில் மவுஸைச் சுவரில் விட்டெறிந்தேன், அது இரண்டாகப் பிளந்தது. நீங்கள் இரண்டு கைகளாலும் தலையைப் பொத்திக்கொண்டு குனிந்தீர்கள். உங்களை நோக்கி நான் எறியவே இல்லை, ஆனாலும் குனிந்தீர்கள். அன்று உங்கள் இடது புருவத்துக்கு மேல் கருநீலமாக வீங்கியிருந்தது. அலமாரிக் கதவு இடித்துவிட்டது என்று முதல் நாளே சொல்லியிருந்தீர்கள், நானும் நம்புவதாகக் காட்டிக்கொண்டேன்.

அப்புறம் மெதுவாக, கரண்டு போவதைச் சொல்லி என் வாயை அடைத்தீர்கள். மைனர், பாடம் முடிந்து நிறுத்தினால்தான் எல்லாவற்றையும் சேமிக்கும். நடுவில் கரண்டு போனால் அம்புட்டும் போச்சு. கழுதை அப்படியில்லை, நொடிக்கு நொடி டிஸ்கில் எழுதிக்கொண்டே போகும். கரண்டு போனாலும் அதுவரைக்கும் எடுத்தது நிற்கும். நம் தெருவில் கரண்டு போகாத நாள் ஏது? கழுதையையே வைத்துக்கொண்டோம்.

பகலில் நான் சென்டருக்குப் போய்விடுவேன். அம்மா முன்னறையில் டி.வி. பார்ப்பாள். நீங்கள் பின்னறையில் ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, வேர்க்க விறுவிறுக்கப் பாடம் எடுப்பீர்கள். அண்ணன் பன்னிரண்டே முக்காலுக்குச் சாப்பிட வருவான். பன்னிரண்டரைக்கு நிறுத்திவிட வேண்டும் என்பது நமக்குள் ஒப்பந்தம். ஆனால் பாடத்தில் இறங்கிவிட்டால் உங்களுக்கு மணி தெரியாது.

மூன்றாம் பாடம், கல்யாணப் படத்தில் வெளுத்த வானத்தை மாற்றுவது. சாயங்காலம் நான் ஹெட்போனை மாட்டி உட்கார்ந்தேன். "இப்ப இந்த வானத்தப் புடிச்சு இழுத்து" என்ற உங்கள் குரல் வருகிறது, அதோடு கதவு முட்டும் சத்தம். "வெஞ்சனம் எங்கடி?" என்று அண்ணன் குரல். "ரெண்டு நிமிசங்க, பொரியலத் தாளிச்சா" என்கிறீர்கள், முடிக்கவில்லை. ஒரு அறை. இன்னொன்று. மைக் கீழே விழுந்து உருள்கிறது. திரையில் மாப்பிள்ளையும் பெண்ணும் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள், அம்புக்குறி பெண்ணின் நெற்றியில் அசையாமல் நிற்கிறது. தூரத்தில் டி.வி. சத்தம் கூடுகிறது. அம்மா கூட்டியிருக்கிறாள். இருபது நிமிடம் கழித்து நாற்காலி இழுபடுகிறது, மூக்கை உறிஞ்சும் சத்தம், பிறகு நீங்கள்: "சரி. வானத்த இழுத்து வச்சாச்சு. அடுத்து…"

நான் திரும்பிப் பார்த்தேன். கூடத்தில் அண்ணன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். நீங்கள் பின்னறை வாசலில் முருங்கைக் கீரையோடு நின்றீர்கள். கிட்டே வந்து குனிந்து, "அந்த எடத்துல அலை பெருசா எழும்பியிருக்கும். அதப் பார்த்து வெட்டிரு. கேக்காத" என்றீர்கள். திரைக்கு அடியில் குரலைக் கோடுகோடாகக் காட்டும் அந்த அலையைச் சொன்னீர்கள். "சரி மதினி" என்றேன்.

வெட்டினேன். சேவல் கூவியதை, குக்கர் விசில் அடித்ததை, பால்காரர் மணியை வெட்டுகிற மாதிரியே அதையும் வெட்டினேன். வெட்டிய பாடத்தைச் சேமித்துவிட்டு மூலப் பதிவை அழித்தேன். டிஸ்கில் இடம் இல்லை, கழுதையின் தீனி அப்படி. அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆட்டோக்காரனோடும் ரேஷன் கடைக்காரரோடும் தெருவில் நின்று சண்டை போடுகிறவள் நான். என் கோபமெல்லாம் திருப்பி அடிக்க மாட்டார்கள் என்று தெரிந்தவர்களிடம் மட்டும்தான் என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. அப்பா போன பிறகு என்னைப் படிக்க வைத்தவன் அண்ணன். பத்தாவது படிக்கும்போது என்னையும் பெல்ட்டால் அடித்திருக்கிறான். அவன் செருப்புச் சத்தம் கேட்டாலே எழுந்து நின்றுவிடுவேன்.

ஒன்பது பாடம் முடிவதற்குள் அப்படி ஆறு பாடத்தில் வெட்டினேன். ஐந்தாம் பாடத்தில் முடியைச் சுற்றி எப்படி வெட்டுவது என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள். உங்கள் முடியைப் பிடித்து அவன் இழுத்ததில் நாற்காலியோடு சாய்ந்த சத்தம் இருந்தது. எல்லாம் நல்லபடியாக ஒட்டிப்போனது. ஒட்டன்சத்திரத்து ஸ்டுடியோக்காரர் ஒருவர் கூப்பிட்டு, "ஏனுங்க, அந்த அக்கா பாடம் எடுக்கறது பக்கத்துல உக்காந்து சொல்றாப்புலயே இருக்குதுங்க. ஒரு தடங்கல் இல்லீங்க" என்றார். நான் பெருமையாகச் சிரித்தேன், மதினி. அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது என்னையே நாலு அறை அறைய வேண்டும் போலிருக்கிறது.

நடுவில் ஒருமுறை எங்கள் கோவில் பங்குச் சாமியாரிடம் முறையிடப் போனீர்கள். அவர் இரண்டு குடும்பத்தையும் கூப்பிட்டு விசாரித்தார். "நான் இவ மேல கை வச்சதே இல்ல சாமி" என்று அண்ணன் கண் கலங்கினான். "ஒரே வீட்டுல இருக்கேன், எங் காதுல விழுந்ததே இல்லயே" என்றாள் அம்மா. பொறுத்துப் போகச் சொன்னார் சாமியார். உங்கள் அப்பாவே உங்களைக் கூட்டிவந்து எங்கள் வீட்டில் விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போனார். அன்று பாத்திரம் கழுவிக்கொண்டே என்னிடம் சொன்னீர்கள்: "ரீத்தா, அடுத்த தடவ ஒண்ணே ஒண்ண வெட்டாம வையி. நான் வெறுங்கையோட போயி நிக்க மாட்டேன்."

அந்த ஒன்று ஒன்பதாம் பாடம். முகத்திலிருக்கும் தழும்பை எப்படி எடுப்பது என்கிற பாடம். அண்ணன் அன்று சீக்கிரமே வந்துவிட்டான். ஸ்டூலை எட்டி உதைத்தான். "இந்தக் கை இருந்தாத்தானே அமுக்குவ?" என்று மவுஸில் இருந்த உங்கள் வலது கையைப் பிடித்துச் சுட்டுவிரலைப் பின்னால் மடக்கினான். அது முறிந்த சத்தம் சின்னதுதான், அலையில்கூடப் பெரிதாகத் தெரியவில்லை. அதற்குப் பிறகு வந்த உங்கள் சத்தம்தான் மேல்கோட்டையும் கீழ்க்கோட்டையும் தொட்டு நின்றது. கழுதையை யாரும் நிறுத்தவில்லை. நான் சாயங்காலம் வந்து நிறுத்தும்வரை அது எழுதிக்கொண்டே இருந்தது.

பத்தாம் பாடத்தை விரலில் கட்டோடு இடது கையால் எடுத்தீர்கள். அம்பு ஏன் நடுங்குகிறது என்று இரண்டு பேர் கேட்டார்கள். மவுஸ் பழசு என்று சொன்னேன்.

சாமியார் மறுபடியும் கூப்பிட்டிருந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின வாரம் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். நல்ல இடம், திருச்சிப் பக்கம், பையன் அரசாங்க உத்தியோகம். அண்ணனே எல்லோருக்கும் தட்டு எடுத்து வைத்தான், எல்லோரையும் சிரிக்க வைத்தான். அவர்கள் போனதும் என் தலையைத் தடவி, "குடும்பத்துப் பேரு நல்லா இருக்கணும்த்தா, அம்புட்டுத்தான்" என்றான். பதிவைப் பற்றி அவனுக்கு ஏதாவது தெரியுமா தெரியாதா என்று எனக்குப் புரியவில்லை. சனிக்கிழமை மத்தியானம் ஒன்பதாம் பாடத்தின் மூலப் பதிவில் அந்த இடத்தை மட்டும் சி.டி.யில் ஏற்ற உட்கார்ந்தேன். காலி சி.டி. கையிலேயே இருந்தது. அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு பதிவை அழித்தேன். குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன்.

மறுநாள் இரண்டாம் பூசை முடிந்து, சாமியார் பங்களாவின் படியில் வைத்து உங்களிடம் சொன்னேன். "ஹார்டு டிஸ்க் போயிருச்சு மதினி." நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். கோணிப்போயிருந்த விரலைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு, "சரி, வா. சாமி உக்காந்திருப்பாரு" என்றீர்கள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

உள்ளே அதே நாற்காலிகள், அதே ஆட்கள். அண்ணன் மறுத்தான். அம்மா கேட்டதே இல்லை என்றாள். விரலைக் காட்டினீர்கள். "கதவுல நசுக்கிக்கிட்டா சாமி, நாந்தான ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன்?" என்றான். உங்கள் அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு, "போயிப் பொழைக்கிற வழியப் பாருத்தா" என்று முணுமுணுத்தார். நீங்கள் எழுந்து அவன் பின்னால் நடக்கத் தயாராகப் பையைத் தோளில் மாட்டினீர்கள். இந்தத் தடவை வீட்டுக்குப் போனால் அவன் உங்களை உயிரோடு விடமாட்டான் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். அவன் கழுத்து நரம்பு எப்போது எதற்குப் புடைக்கும் என்று தெரிந்தவள் நான்.

"நான் கேட்டிருக்கேன் சாமி" என்றேன்.

என்ன கேட்டாய் என்றார் சாமியார். அண்ணன் பக்கம் திரும்பினேன், அதற்கப்புறம் என் வாய் நிற்கவில்லை. "மூணாம் பாடம். 'வெஞ்சனம் எங்கடி'ன்னு கேட்ட. ரெண்டு அறை. அம்மா டி.வி. சத்தத்தக் கூட்டுச்சு. அஞ்சாம் பாடம். 'லேப்ல எவன் கூடடி பேசிக்கிட்டுத் திரிஞ்ச'ன்னு கேட்டு முடியப் புடிச்சு இழுத்த. மதினி 'சேசுவே'ன்னாங்க. 'சேசு என்ன, எவன் வந்தாலும் மிதிப்பேன்'ன்ன. மிதிச்ச. நாலு தடவ." வாழ்க்கையில் முதல் முறையாக அவனை 'நீ' என்று சொல்லியிருந்தேன். ஆறு பாடத்தையும் வரிசையாகச் சொன்னேன். அவன் எங்கே மூச்சு வாங்கினான், எந்தச் சொல்லுக்கு அப்புறம் கை விழுந்தது, நீங்கள் எதைச் சொல்லிக் கெஞ்சினீர்கள், ஒன்று விடவில்லை. ஒன்பதாம் பாடத்துக்கு வந்து, "'இந்தக் கை இருந்தாத்தானே அமுக்குவ?'" என்று அவன் குரலிலேயே சொன்னேன்.

அவன் மேசையைத் தாண்டி வந்தது எனக்குத் தெரியவில்லை. விரித்த கை என் வலது காதில் விழுந்தது. பெஞ்சின் முனையில் தாடை மோதிக் கீழே கிடந்தேன். அவன் மேலும் என் விலாவில் உதைத்தான், சாமியாரின் கண் முன்னால், சிலுவைக்கு அடியில். "கேப்பியா? இனிமே கேப்பியா?" என்று கேட்டுக்கேட்டு உதைத்தான். உங்கள் அப்பா, சத்தம் போட்டுப் பேசியே நான் பார்த்திராத மனுஷன், அவன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக் கிழித்துச் சுவரோடு வைத்து முகத்திலேயே குத்தினார். சாமியார் இருவரையும் விலக்கிவிட்டு உங்கள் அப்பாவிடம், "மகளக் கூட்டிக்கிட்டுப் போங்க" என்று மட்டும் சொன்னார். அவன் அடித்ததை யார் பார்த்தது என்று அதற்குப் பிறகு ஒருவரும் கேட்கவில்லை.

ஆட்டோவில் பெரியாஸ்பத்திரிக்கு என்னைக் கூட்டிப் போனது நீங்கள்தான். காதிலிருந்து வழிந்த ரத்தத்தைச் சேலைத் தலைப்பால் அழுத்திப் பிடித்திருந்தீர்கள். நான் ஏதோ வீராங்கனை மாதிரி உங்கள் தோளில் சாய்ந்திருந்தேன். நீங்கள் நன்றி சொல்வீர்கள் என்றுகூட எதிர்பார்த்திருப்பேன். ரயில்வே கேட்டில் வண்டி நின்றபோது, நல்ல காதுப் பக்கம் குனிந்து நீங்கள் கேட்டீர்கள்.

"அம்புட்டையும் கேட்டுக்கிட்டா இருந்த?"

தாடை வலிக்கிறதென்று கண்ணை மூடிக்கொண்டேன்.

அதன் பிறகு நீங்கள் வடமதுரையில் ஒரு மாடி அறை எடுத்து, ஆல்பம் வேலை செய்து, நாலு பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்து, நிமிர்ந்து வாழ்ந்தீர்கள். அண்ணன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வேறு ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போனான். அம்மா சாகும்வரை என்னோடு பேசவில்லை. திருச்சிக்காரர்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள், அதற்கு நான் அழவில்லை. மாதம் ஒருமுறை உங்களைப் பார்க்க வருவேன். சோறு போடுவீர்கள், மீனில் முள் எடுத்துக் கொடுப்பீர்கள், கேலி பேசுவீர்கள். எல்லாம் பழையபடிதான் இருந்தது. ஆனால் ஒரு பாடத்தைக்கூட அதற்கப்புறம் என்னிடம் வெட்டக் கொடுக்கவில்லை. "எதுக்கு ஒனக்குச் சிரமம், நானே பாத்துக்கிறேன்" என்பீர்கள். கோணல் விரலோடு நீங்களே ஹெட்போனை மாட்டிக்கொண்டு வெட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன்.

போன மாதம் நெஞ்சு வலி என்று சேர்த்தார்கள். நான் வந்து சேருவதற்குள் முடிந்துவிட்டது. இத்தனை வருடத்தில் எத்தனை மத்தியானங்கள் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். அந்தக் கேள்விக்கு நீங்கள் பதில் கேட்கவே இல்லை, நானும் சொல்லவே இல்லை.

இப்போது சொல்கிறேன். அலையைப் பார்த்தாலே வெட்டிவிடலாம் என்றீர்கள், அப்படி முடியாது மதினி. எங்கே வெட்டினால் ஒட்டு தெரியாது என்று கண்டுபிடிக்க உங்கள் குரல் எந்த இடத்தில் பழையபடி ஆகிறது என்று கேட்க வேண்டும். முதலில் அதற்காகத்தான் கேட்டேன். பிறகு என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை. ஒவ்வொன்றையும் ஐந்து தடவை, ஆறு தடவை கேட்டேன். கேட்டு முடித்து, ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, கூடத்துக்குப் போய் அண்ணனோடு உட்கார்ந்து, நீங்கள் பரிமாறிய சோற்றைத் தின்றேன். டிஸ்க் போகவில்லை. ஒன்பதாம் பாடத்தையும் நான்தான் அழித்தேன், அழிப்பதற்கு முன்னால் கடைசியாக ஒரு தடவை முழுக்கக் கேட்டேன். என் வலது காது அன்றைக்குப் போனது, திரும்ப வரவில்லை. யாராவது அந்தப் பக்கமிருந்து பேசினால் எனக்கு ஒன்றும் கேட்பதில்லை. நீங்கள் கேட்ட அந்த ஒரு வாக்கியம் மட்டும் இன்னும் இந்தப் பக்கத்துக் காதில் இருக்கிறது.

ஆமாம் மதினி. அம்புட்டையும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்.

ரீத்தா